அலையின் அசல் எங்கே இருக்கிறது? என் ஓவிய ஆசிரியருக்கு ஒரு கடிதம்

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். நாட்காட்டியிலிருந்து வெட்டி வகுப்புச் சுவரில் நீங்கள் ஒட்டிவைத்திருந்த பேரலைப் படம் நினைவிருக்கிறதா? அதை வரைந்த ஜப்பானிய ஓவியர் ஹொக்குசாய் 1760இல் பிறந்த வட்டாரத்துக்கே சென்ற சனிக்கிழமை போய்வந்தேன். தோக்கியோவில் வழிகாட்டியோடு செல்லும் ஒருநாள் பயணம் அது. ரியோகொக்கு நிலையத்துக்கு அருகே 2016இல் திறக்கப்பட்ட சுமிதா ஹொக்குசாய் அருங்காட்சியகத்தில் முற்பகல் முழுவதும் இருந்தோம்.

நிரந்தரக் கூடத்தில் இருப்பவை மறுபதிப்புகள் என்று வழிகாட்டி அம்மையார் சொன்னபோது மனம் வாடிவிட்டது. மரப்பலகையில் செதுக்கி அச்சிட்ட பழைய அச்சுகளின் சாயங்கள் வெளிச்சம் பட்டால் வெளிறிவிடும் என்பதால் அவற்றைச் சிறிது காலமே வெளியே வைக்கிறார்கள். "நகலோடு நின்றுவிடாதே, அசலைத் தேடிப் பார்" என்று நீங்கள் அடிக்கடி சொல்வீர்கள். ஆனால் அந்த அம்மையார் விளக்கிய பிறகு, இந்தக் கலையில் அசல் என்று எதைச் சொல்வது என்றே எனக்குத் தெரியவில்லை, ஐயா.

ஓவியர் மெல்லிய தாளில் வரைந்து கொடுப்பதைச் செதுக்குபவர் செர்ரி மரப் பலகையில் முகம் கவிழ்த்து ஒட்டி, கோடுகளை மட்டும் மேடாக நிறுத்தி மற்றதையெல்லாம் வெட்டி எடுத்துவிடுவார். அந்த வேலையிலேயே ஓவியர் கைப்பட வரைந்த தாள் அழிந்துபோகும். பிறகு நிறங்களுக்குத் தனித்தனிப் பலகைகள் செதுக்கி, அச்சிடுபவர் ஒவ்வொன்றாகத் தாளில் ஏற்றுவார். 1831ஐ ஒட்டி வெளிவந்த பேரலையும் அப்படிப் பிறந்ததுதான். ஹொக்குசாயின் கையெழுத்து அதில் இருக்கிறது. செதுக்கியவர் பெயரோ அச்சிட்டவர் பெயரோ இல்லை. அந்தக் கைகளை நான் இதுநாள்வரை நினைத்துப் பார்த்ததே இல்லை என்பது என்னை வருத்தியது.

பேரலையின் இரண்டு அச்சுகளைப் பெரிதாக்கிய படங்களாக அம்மையார் அருகருகே வைத்துக் காட்டினார். இடப்புற மேல்மூலையில், தலைப்பு எழுதிய கட்டத்தின் கோடு, ஓர் அச்சில் முழுமையாக ஓடியது. மற்றொன்றில் நடுவே அறுந்திருந்தது. அச்சிட்டு அச்சிட்டுப் பலகை தேய்ந்ததன் தடம் அது. இரண்டையும் பேரலை என்றுதான் உலகம் சொல்கிறது.

பிற்பகலில் ஓர் அச்சுப் பட்டறையில் எங்களையும் அச்சிட வைத்தார்கள். பலகையின் மூலையில் வெட்டியுள்ள சிறு பள்ளத்தில் தாளின் முனையைப் பொருத்தி, மூங்கில் மடல் சுற்றிய 'பாரென்' என்னும் வட்டத் தட்டால் பின்புறம் அழுத்தித் தேய்க்க வேண்டும். முனை மயிரிழை நகர்ந்தாலும் நிறம் கோட்டை விட்டு வெளியே போய்விடும்.

நான் அச்சிட்ட தாளை உங்களுக்கு அஞ்சலில் அனுப்பியிருக்கிறேன். வலது ஓரத்தில் நீலம் சற்று விலகியிருக்கும். தாளைத் திருப்பிப் பாருங்கள், ஐயா. பாரென் சுழன்ற வட்டங்கள் பின்புறத்தில் தெரியும்.

அன்புடன்,
உங்கள் பழைய மாணவி