அபிஷேகம் பெற்றவரிடம் கேள்வி கேட்கலாமா? சிங்கப்பூர்த் தமிழ்ச் சபைகளின் போதகர்களுக்கு ஒரு மடல்

சிங்கப்பூரிலுள்ள தமிழ்ச் சபைகளின் போதகர்களுக்கும் மூப்பர்களுக்கும் ஸ்தோத்திரம்.

உங்களிடம் ஒரு காரியம் கேட்கத்தான் இதை எழுதுகிறேன். ஞாயிறு ஆராதனை முடிந்ததும், அன்றைய பிரசங்கத்தைப் பற்றிச் சபையார் கேள்வி கேட்க இருபது நிமிடம் ஒதுக்குங்கள். பிரசங்கித்தவரே உட்கார்ந்து பதில் சொல்லட்டும்.

நம் ஜனங்கள் இப்போது கேட்பது உங்கள் பிரசங்கத்தை மட்டுமல்ல. எம்ஆர்டி ரயிலில் ஏறும்போதே யூடியூபில் தமிழ்நாட்டுப் பிரசங்கியார் ஒருவர் காதில் பேசிக்கொண்டிருக்கிறார். வாட்ஸ்அப்பில் 'இன்றைய வாக்குத்தத்தம்' விடியுமுன் வந்துவிடுகிறது. விடுதியில் தங்கி வேலை பார்க்கும் தம்பிமாருக்கு ஞாயிற்றுக்கிழமையும் ஓவர்டைம் என்றால் ஃபோன்தான் சபை. இத்தனை குரல்களில் எது வேதம், எது பேசுகிறவரின் சொந்தச் சரக்கு என்று பிரித்துப் பார்க்க அவர்களுக்கு நாம் கற்றுக்கொடுத்திருக்கிறோமா?

டிசம்பர் 31 இரவு ஆராதனையில் கொடுக்கிற, புது வருஷத்துக்கான வசனம் அச்சிட்ட வாக்குத்தத்த அட்டையையே எடுத்துக்கொள்வோம். எரேமியா 29:11 எத்தனை வீட்டு ஃபிரிட்ஜில் ஒட்டியிருக்கிறது! 'அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே.' அருமையான வசனம். ஆனால் அதற்கு முந்தின வசனத்தை யாரும் அட்டையில் போடுவதில்லை. பாபிலோனில் எழுபது வருஷம் முடிந்த பிறகுதான் இது நடக்கும் என்கிறது அது. சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எரேமியா எழுதிய கடிதம் இது. அதைக் கேட்ட பெரியவர்களில் பலர் ஊர் திரும்பும் நாளைப் பார்த்திருக்கவே மாட்டார்கள். அதனால்தான் வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், நீங்கள் போய்ச் சேர்ந்த பட்டணத்தின் சமாதானத்தைத் தேடுங்கள் என்று எழுதுகிறார்.

கொஞ்சம் பின்னால் போய் 28ஆம் அதிகாரத்தையும் பாருங்கள். அனனியா என்ற தீர்க்கதரிசி ஆலயத்தில் எல்லார் முன்பாகவும் 'இரண்டே வருஷம், பாபிலோனுக்குப் போனதெல்லாம் திரும்பி வந்துவிடும்' என்கிறான். யாருக்குத்தான் அதைக் கேட்க ஆசை இருக்காது? எரேமியாவே முதலில் 'ஆமென், கர்த்தர் அப்படியே செய்வாராக' என்றுதான் சொன்னார். அப்புறம்தான், சமாதானம் சொல்லுகிற தீர்க்கதரிசியின் வார்த்தை நிறைவேறும்போதுதான் அவனைக் கர்த்தர் அனுப்பினாரா என்பது விளங்கும் என்றார். அடுத்த அதிகாரத்தில் 8ஆம் வசனம், உங்கள் நடுவிலிருக்கிற தீர்க்கதரிசிகளிடம் ஏமாந்துபோகாதீர்கள் என்று எச்சரிக்கிறது. ஃபிரிட்ஜில் ஒட்டியிருக்கும் வசனம் அந்த எச்சரிக்கைக்கு மூன்றே வசனம் தள்ளித்தான் இருக்கிறது! இதையெல்லாம் விளக்கினால் வசனத்தின் ஆறுதல் குறைந்துவிடுமா? ஊரை விட்டு வந்து இங்கே உழைக்கிற நமக்கு அந்தக் கடிதம் இன்னும் நெருக்கமாகத்தான் ஆகும்.

சரி, கேள்வி கேட்டால் என்ன பதில் வருகிறது? பல இடங்களில், 'நான் அபிஷேகம்பண்ணினவர்களைத் தொடாதிருங்கள்.' சங்கீதம் 105ஐ மேலிருந்து வாசித்தால் அது ஆபிரகாம், ஈசாக்கு, யாக்கோபைப் பற்றியது. கொஞ்சப் பேராக, பரதேசிகளாக அலைந்தவர்களை ராஜாக்கள் ஒடுக்காதபடி கர்த்தர் காத்தார் என்கிறது. பலமில்லாதவர்களைக் காக்கச் சொன்ன வார்த்தையை, மைக் பிடித்தவர் மைக் இல்லாதவரைப் பார்த்துச் சொல்வது எனக்கு விநோதமாக இருக்கிறது. தன்னைக் கொல்லத் தேடினாலும், அபிஷேகம் பெற்ற ராஜா என்பதால் தாவீது சவுலைத் தொடவில்லையே என்பார்கள். தொடவில்லைதான். ஆனால் குகையிலிருந்து வெளியே வந்து, ராஜா செய்வது நியாயமா என்று எல்லார் காதிலும் விழக் கேட்டானே.

பெரோயா பட்டணத்தாரைப் பற்றி நீங்களே பலமுறை பிரசங்கித்திருப்பீர்கள். அவர்கள் வேதத்தோடு ஒப்பிட்டுச் சரிபார்த்தது அப்போஸ்தலனாகிய பவுலின் போதனையை. லூக்கா அதற்காக அவர்களை 'நற்குணசாலிகள்' என்று எழுதினார். மனோவாஞ்சையாய் வசனத்தை ஏற்றுக்கொண்டார்கள் என்றும் அதே வரியில் இருக்கிறது. ஆகவே குறை பிடிக்கவே முன் வரிசையில் உட்காருகிறவர்களுக்காக நான் பரிந்து பேசவில்லை. தீர்க்கதரிசனத்துக்கும் பவுல் ஒழுங்கு வைத்தார்: இரண்டு மூன்று பேர் பேசலாம், மற்றவர்கள் நிதானிக்க வேண்டும். நம் விசேஷக் கூட்டங்களில் முதல் பாதி தவறாமல் நடக்கிறது. இரண்டாம் பாதியைத்தான் காணோம்.

இதில் பணமும் இருக்கிறது. ஏஜெண்டுக்குக் கொடுக்க வாங்கிய கடனே இன்னும் அடையாத ஒருவரிடம், விதைப்புக் காணிக்கை போட்டால் நூறு மடங்கு வரும் என்று ஒரு விருந்தாளிப் பிரசங்கியார் சொல்லலாம். மாற்கு 10:30இல் 'துன்பங்களோடேகூட' என்ற சொல் அந்த நூறத்தனைக்குப் பக்கத்திலேயே இருப்பதை அந்தத் தம்பிக்கு யார் காட்டுவது? மேடையை அவருக்குக் கொடுத்த நீங்கள்தான் காட்ட வேண்டும்.

ஆளாளுக்கு வியாக்கியானம் செய்தால் சபை உடையும் என்று பயப்படுகிறீர்கள். பயம் நியாயமானதுதான், உடைந்த சபைகள் இந்த ஊரிலும் உண்டு. வேதத்தைத் தனியாக வாசித்து இஷ்டத்துக்குப் பொருள் சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். ரதத்தில் வேதம் வாசித்துக்கொண்டு போன எத்தியோப்பிய மந்திரியே 'ஒருவன் எனக்குத் தெரிவிக்காவிட்டால்' எப்படிப் புரியும் என்று கேட்டான். சுவிசேஷகனான பிலிப்பு அவனோடு ரதத்தில் ஏறி உட்கார்ந்து, அவன் கேட்ட கேள்வியிலிருந்தே தொடங்கினான். நானும் அதைத்தான் கேட்கிறேன். நீங்கள் உட்காராவிட்டால் யூடியூப் உட்காரும்.

வாலிபப் பிள்ளைகள் ஆங்கிலத்தில் கேட்டாலும் பதில் சொல்லுங்கள். 'தமிழில் கேள்' என்று திருப்பி அனுப்பினால் அடுத்த வாரமே பக்கத்து ஆங்கிலச் சபையில் இருப்பார்கள். நம் பக்கமும் குறை இருக்கிறது. 1715இலேயே தரங்கம்பாடியில் தமிழில் அச்சான புதிய ஏற்பாட்டை, ஒரு அதிகாரம் முழுதாக வாசிக்கச் சோம்பல்பட்டு, ஒற்றை வசனமாக ஃபார்வர்டு பண்ணிக்கொண்டிருக்கிறோம்.

வாடகை மண்டபத்தை அடுத்த சபைக்குக் காலி செய்து கொடுக்கும் அவசரம் பல இடங்களில் இருப்பது தெரியும். அங்கே ஞாயிற்றுக்கிழமை முடியாது. வெள்ளிக்கிழமை வீட்டுக்கூட்டத்தில் போன வாரப் பிரசங்கத்தை எடுத்துக்கொள்ளலாம். பதில் தெரியாவிட்டால் 'பார்த்துவிட்டு அடுத்த வாரம் சொல்கிறேன்' என்றால் போதும், யாரும் உங்களைக் குறைவாக நினைக்க மாட்டார்கள். வருகிற மூப்பர் கூட்டத்தில் பேசி, முடிவு எதுவானாலும் அறிவிப்பு நேரத்தில் சபையாருக்குச் சொல்லுங்கள்.

கர்த்தருக்குள்,
சபையார் ஒருவர்