கம்போங் ராஜா ஊர்க்குறிப்பு: கைகொடுத்த அனைவருக்கும்

செந்தூல், கோலாலம்பூர்

கேமரன் மலையின் கம்போங் ராஜா, புளூ வேலி, கோலா தெர்லா வட்டார உறவுகளுக்கு வணக்கம்.

உங்கள் ஊரைப் பற்றி நாங்கள் தொகுத்து வந்த சிறு நூல் அச்சாகிவிட்டது. எங்கள் வாசகர் குழு கூடும் மண்டபத்தில் படங்களையும் மாட்டிவிட்டோம். பார்க்க வந்த பலரும் முதலில் கேட்டது, "கேமரன் மலை என்கிறீர்கள், ஸ்ட்ராபெரி எங்கே?" என்பதுதான். ஸ்ட்ராபெரி இல்லை. "அதைத்தான் ஊர் உலகமே எழுதுகிறதே, நீங்களாவது முட்டைக்கோஸை எழுதுங்கள்" என்று தக்காளிக் கொட்டகையில் நின்றபடி ஓர் அக்கா சொன்னார். நூலின் போக்கு அன்றே முடிவாகிவிட்டது. அந்த அக்காவுக்கு முதல் வணக்கம்.

அடுத்து, காய்கறி லாரி ஓட்டும் அண்ணனுக்கு. மாலையில் சரக்கு ஏற்றி, சிம்பாங் பூலாய்ச் சாலையில் இறங்கி, இரவோடு இரவாகச் செலாயாங் மொத்தச் சந்தைக்கு வந்து சேருவது அவர் வேலை. தம் பக்கத்து இருக்கையை எங்களுக்குக் கொடுத்தார். வளைவுக்கு வளைவு அவர் சொல்லிக்கொண்டு வந்ததுதான் நூலின் முதல் அத்தியாயம். தாப்பாவிலிருந்து மலைக்குச் சாலை வந்தது 1931இல். அந்த வழியாக ஏறினால் ரிங்லெட், தானா ராத்தா, பிரிஞ்சாங் எல்லாவற்றையும் தாண்டிக் கடைசியில்தான் கம்போங் ராஜா. சிம்பாங் பூலாய்ச் சாலை திறந்த பிறகு, ஈப்போ பக்கமிருந்து ஏறுகிறவர்களுக்கு இதுதான் முதல் ஊர். "முதல் ஊராகி என்ன, எல்லாரும் பெட்ரோல் போட்டுக்கொண்டு பிரிஞ்சாங் போய்விடுகிறார்கள்" என்று சிரித்தார்.

விலை விஷயத்தையும் அவர்தான் புரியவைத்தார். லாரியில் ஏறும்போது கோஸுக்கு விலை கிடையாது. சந்தையில் விற்றபின் மறுநாள் தரகர் சொல்வதுதான் விலை. மழை கொட்டினால் விலை ஏறும், விற்கச் சரக்கு இருக்காது. பருவம் நன்றாக அமைந்தால் சரக்கு குவியும், விலை விழும். 2020 மார்ச் 18இல் கொரோனாவுக்காக நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கியபோது மலையில் காய்கறியை டன் கணக்கில் கொட்டினார்கள் என்று நாங்களும் செய்தியில் படித்திருந்தோம். கோலாலம்பூரில் அந்த வாரம் கீரைக்கு அலைந்ததும் நாங்கள்தான். கீரையைத் தம் கையாலேயே பள்ளத்தில் தள்ளியவர் அதைச் சொல்லும்போது இந்த இரண்டையும் சேர்த்து யோசிக்க வேண்டியிருந்தது.

செவ்வந்தி பயிரிடும் சீனப் பெரியவரே, உங்கள் தமிழுக்குத் தனிக் கும்பிடு. தோட்டத்துப் பிள்ளைகளோடு விளையாடிக் கற்றது என்றீர்கள். எங்கள் பிள்ளைகளுக்கு வராத சொல்லெல்லாம் உங்களுக்கு வருகிறது. இரவு முழுக்கக் கொட்டகையில் ஏன் விளக்கு எரிகிறது என்று கேட்டோம். இரவு நீண்டால் செவ்வந்தி மொட்டு விட்டுவிடும், தண்டு போதிய உயரம் வளரும்வரை விளக்கைப் போட்டு அதை ஏமாற்ற வேண்டும் என்று விளக்கினீர்கள். பிரிக்பீல்ட்ஸ் பூக்கடைகளில் செவ்வந்தி வாங்கும் எங்கள் வீட்டுப் பெண்கள் இப்போது உங்கள் மின்கட்டணத்தை நினைத்துக் கவலைப்படுகிறார்கள்.

புளூ வேலித் தேயிலைத் தோட்டத்துப் பாட்டி, நீங்கள் கொடுத்த வரக்காப்பிக்கும் உங்களிடம் நாங்கள் வாங்கிய வசவுக்கும் நன்றி. குளிர் எவ்வளவு சுகம் என்று யாரோ வாய்தவறிச் சொல்லிவிட, விடியற்காலைப் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு, நின்றதையும், பனியில் நனைந்த செடி இடுப்புவரை ஈரமாக்கியதையும், அட்டைக்கடியையும் வரிசையாக எடுத்து வைத்தீர்கள். கையால் கொழுந்து பறித்த காலம், கொழுந்து வெட்டும் கத்தரி வந்த காலம், இருவர் பிடித்துச் செல்லும் இயந்திரம் வந்த காலம் என்று நீங்கள் பிரித்துச் சொன்னபடியே அத்தியாயத்தைப் பிரித்திருக்கிறோம். உங்கள் பேரப்பிள்ளைகள் ஈப்போவிலும் இங்கேயுமாக இருக்கிறார்கள். தேயிலை நிரையில் இப்போது வெளிநாட்டுத் தொழிலாளர்கள். அதையும் நீங்கள் சொன்ன மாதிரியே, புலம்பல் சேர்க்காமல் எழுதியிருக்கிறோம்.

ஓய்வுபெற்ற விவசாய அதிகாரி ஒருவர் பூச்சிகளைப் பற்றி மட்டும் ஒரு மாலை முழுதும் பேசினார். கோஸ் இலையைச் சல்லடையாக்கும் வைரமுதுகு அந்துப்பூச்சியை அடக்க, 1970களில் வெளிநாட்டிலிருந்து ஒட்டுண்ணிக் குளவியைக் கொண்டுவந்து இந்த மலையில் விட்ட கதை அவரால்தான் நூலில் ஏறியது. கண்ணுக்குச் சரியாகத் தெரியாத ஒரு குளவி அத்தனை மருந்தடிப்பைக் குறைக்க உதவியது என்றால், அதற்கும் ஒரு பக்கம் ஒதுக்கத்தானே வேண்டும்?

இனி, மிகவும் கடன்பட்ட இடத்துக்கு வருகிறேன். தற்காலிக நில உரிமத்தைப் பற்றி எழுத நாங்கள் தயங்கினோம். நீங்கள் தயங்கவில்லை. நிலம் மாநில அரசுடையது, உரிமம் ஆண்டுக்கு ஆண்டு புதுப்பிக்க வேண்டியது. அப்பாவும் மகனும் உழுத நிலமாக இருந்தாலும் கையில் இருப்பது அந்தத் தாள்தான். 2019இல் கோலா தெர்லாவில், நீர்ப்பிடிப்புப் பகுதியைக் காக்க வேண்டும் என்று பண்ணைகளை அகற்றியபோது நடந்ததைப் பாதிக்கப்பட்டவர்களே எங்களுக்குச் சொன்னார்கள்.

அதே வேளையில் தெலோம் ஆற்றங்கரையில் எங்களை அழைத்துச் சென்ற செமாய்ப் பழங்குடிப் பெரியவர், மேலே காட்டை வெட்டிச் சரிவைச் சமன்செய்யும்போது கீழே ஆறு என்ன நிறமாகிறது என்று காட்டினார். தெலோமின் தண்ணீரைச் சுரங்கம் வழியாகப் பெர்த்தாம் ஆற்றுப் பக்கம் திருப்புகிறார்கள். அது 1963இல் கட்டி முடித்த ரிங்லெட் சுல்தான் அபு பக்கர் அணைக்குப் போய், அங்கிருந்து மலையைக் குடைந்து மின்சாரத்துக்காகப் பேராக் பக்கம் இறங்குகிறது. சேறும் அணைவரை கூடவே போகிறது. ஆண்டுக்கணக்காகத் தூர்வாரியும் தீரவில்லை. இந்த அத்தியாயத்தை அச்சுக்கு முன் பண்ணைக்காரர்களிடம் வாசித்துக் காட்டினோம். முகம் சுருங்கியது உண்மை. ஆனால் "எடுத்துவிடு" என்று ஒருவரும் சொல்லவில்லை. "வீடமைப்புக்கும் ஹோட்டலுக்கும் வெட்டிய மலையையும் சேர்த்து எழுதுங்கள்" என்றார்கள். நியாயம்தான், சேர்த்துவிட்டோம். தமக்குச் சாதகமில்லாததையும் அச்சில் வர விட்ட அந்தப் பெருந்தன்மை தலைநகரத்தில் எளிதில் கிடைக்காது.

இங்கே கோலாலம்பூரில் மலாய் ஆவணங்களை மொழிபெயர்த்த பக்கத்து வீட்டு அண்ணிக்கும், ஒற்றுப்பிழை பொறுக்காத ஆசிரியர் ஐயாவுக்கும், பாதித் தொகையைப் பிறகு வாங்கிக்கொள்கிறேன் என்ற அச்சகத்தாருக்கும் நன்றி. அந்தப் பாதித் தொகையை இம்மாதமே கட்டிவிடுவோம், ஐயா.

புளூ வேலித் தமிழ்ப்பள்ளி நூலகத்துக்கு இரண்டு பிரதிகள் தபாலில் அனுப்பியிருக்கிறோம். புதுச் சாலை வருவதற்கு முந்தைய கம்போங் ராஜா கடைத்தெருவின் படம் யார் வீட்டு ஆல்பத்திலாவது இருந்தால் இரவல் கொடுங்கள், பத்திரமாகத் திருப்பித் தருகிறோம். அண்ணன் கேட்ட பத்துப் பிரதிகள் கட்டி வைத்தாயிற்று. அடுத்த முறை செலாயாங்கில் சரக்கு இறக்கும் இரவில் ஒரு தகவல் கொடுத்தால், அங்கேயே கொண்டுவந்து தருகிறோம்.

அன்புடன்,
செந்தூல் வாசகர் நண்பர்கள் சார்பில்