மேல்கோர்ட்டில் தப்பிவிடுகிறார்களா?

ஆசிரியருக்கு வணக்கம்.

மனநோயும் தண்டனையும் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். 'பைத்தியம் என்று சொல்லி மேல்கோர்ட்டில் தப்பிவிடுகிறார்கள்' என்று டீக்கடையில் பேசுவதை அதுவும் ஏறக்குறைய ஒப்புக்கொள்கிறது. கும்பகோணம் பக்கம் நீதிமன்ற ஊழியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். பார்த்தவரை கதை வேறு.

பழைய தண்டனைச் சட்டத்தின் 84-ஆவது பிரிவு, இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 22. இதன்படி விடுதலை பெற, மனநோய் இருந்தால் மட்டும் போதாது. சம்பவ நேரத்தில், தான் செய்வது என்ன என்றோ, அது தவறு என்றோ புரியாத நிலையில் குற்றம் சாட்டப்பட்டவர் இருந்திருக்க வேண்டும். காட்ட வேண்டியது அவர் தரப்பு. சந்தேகமற நிரூபிக்கத் தேவையில்லை என்று உச்ச நீதிமன்றம் 1964-லேயே சொல்லியிருக்கிறது. சரி, அதற்கும் ஒரு காகிதம் வேண்டுமே!

நம் ஊர்க் குடும்பங்களிடம் அதுதான் இருக்காது. பிள்ளை ராத்திரியெல்லாம் தனியாகப் பேசிக்கொண்டிருந்தால் குணசீலம் பெருமாள் கோயிலுக்குக் கூட்டிப்போய் ஒரு மண்டலம் தங்குவார்கள். நம்பிக்கையைக் குறை சொல்லவில்லை. ஆனால் பெருமாள் சாட்சிக் கூண்டில் ஏற மாட்டார். அப்படியே பெரியாஸ்பத்திரிக்குப் போனாலும், தங்கச்சி கல்யாணம் நின்றுவிடும் என்று ஓ.பி. சீட்டைக் கிழித்துவிடுவார்கள். ஓர் அம்மா மஞ்சள் பை நிறையக் காலி மாத்திரை அட்டைகளைக் கொண்டுவந்து எங்கள் மேஜையில் கொட்டினார். ஒன்றிலும் மகன் பெயரில்லை, தேதியில்லை. வக்கீல் தாக்கல் செய்யவே இல்லை.

அப்புறம்தான் மேல்முறையீடு. தஞ்சாவூர் மாவட்ட வழக்கு மதுரைக் கிளைக்குப் போகும். பக்கத்திலிருக்கும் மயிலாடுதுறை வழக்கு சென்னைக்கு. எங்கே போனாலும் கீழ்க்கோர்ட்டின் வழக்குக் கோப்பில் இருப்பதை வைத்துத்தான் பேச்சு. கூடுதல் சாட்சியம் பெறச் சட்டத்தில் இடமுண்டு, ஆனால் அபூர்வம்.

கொலை என்று உறுதியாகிவிட்டால் குறைந்தபட்சத் தண்டனையே ஆயுள்தான். அந்த 22-ஆவது பிரிவுக்குள் அடங்காத மனநோய் தூக்கை ஆயுளாக்கலாம், ஆயுளைக் குறைக்காது. இங்கிலாந்தில் 1957 முதல், மனப் பாதிப்பால் பொறுப்பு குறைந்தவரைக் கொலையிலிருந்து ஒரு படி கீழான குற்றத்துக்கு இறக்க வழியுண்டு. நமக்கு அந்த நடுப்படி இல்லை. மனநோயைத் தூக்கை ஆயுளாக்கும் காரணமாக ஏற்ற உச்ச நீதிமன்றத்தின் 2014 சத்ருகன் சவுகான் தீர்ப்பு, தண்டனைக்குப் பின் வந்த கடும் மனநோயையும் கணக்கில் எடுத்த 2019 தீர்ப்பு, விசாரணை நீதிமன்றத்திலேயே மனநல மதிப்பீடு வேண்டும் என்ற 2022 மனோஜ் தீர்ப்பு எல்லாமே தூக்கை மனத்தில் வைத்துச் சொன்னவை.

இன்னொன்று. மனநோயால் விடுவிக்கப்பட்டவர் அன்றைக்கே பஸ் ஏறி ஊர் வந்துவிடுவதில்லை. பாதுகாப்பில் வைக்கவோ, பொறுப்பேற்கும் உறவினரிடம் ஒப்படைக்கவோ நீதிமன்றம் உத்தரவிடும். டீக்கடைக்காரர்களுக்கு இது தெரியாது.

முதல் ரிமாண்டிலேயே, குடும்பத்தார் ஒரு வார்த்தை சொன்னாலும் போதும், இலவசச் சட்ட உதவி தரும் சட்டப் பணிகள் ஆணைக்குழு வக்கீல் மனநல மருத்துவப் பரிசோதனைக்கு மனு போட வேண்டும். மாவட்ட மனநலத் திட்டத்தில் மருத்துவர்கள் இருக்கிறார்கள். தூக்கு கேட்காத வழக்கிலும் அந்த அறிக்கை வழக்குக் கோப்பில் ஏற வேண்டும். இதற்கு உயர் நீதிமன்றம் ஒரு சுற்றறிக்கை அனுப்பினாலே போதும்.

— ஓய்வுபெற்ற நீதிமன்ற ஊழியர்,
கும்பகோணம்