ஒன்றாம் வகுப்புக்குப் போகும் தோழிக்கு

பட்டுக்கோட்டை

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்து, யாருடைய துணையும் இல்லாமல் வாசல்வரை நடக்கிறார் என்று நீ எழுதியிருந்ததைப் படித்ததும் மனம் நிம்மதி அடைந்தது. இங்கே எல்லோரும் நலம். மகள் கல்லூரியில் இரண்டாம் ஆண்டை முடித்துவிட்டு விடுமுறைக்கு வந்திருக்கிறாள். நான் உனக்கு எழுதுகிறேன் என்று தெரிந்ததும் தன் அன்பையும் சேர்த்து எழுதச் சொன்னாள்.

நீ கேட்டிருந்த செய்திக்கு வருகிறேன். இத்தனை காலமாக நான்கு, ஐந்தாம் வகுப்புகளையே நடத்திவந்த உன்னிடம் ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் ஒன்று முதல் மூன்று வரையிலான வகுப்புகளை ஒப்படைக்கப் போகிறார்கள் என்பதில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. சின்னப் பிள்ளைகள் கையால் செய்து கற்கத் தகுந்த செயல்பாடுகளைப் பட்டியலாக எழுதி அனுப்பச் சொல்லியிருக்கிறாய். பட்டியலுக்குப் பஞ்சமில்லை, 2022இல் சின்ன வகுப்புகளுக்கு அடிப்படை வாசிப்பும் கணக்கும் கற்பிக்கத் தமிழக அரசின் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்ததிலிருந்து ஆசிரியர் கையேட்டிலேயே பாடல், விளையாட்டு, பொம்மலாட்டம் என்று வேண்டிய அளவுக்குத் தந்திருக்கிறார்கள். எதை எடுப்பது, எதை விடுவது என்பதில்தான் நமக்குத் தெளிவு வேண்டியிருக்கிறது. அதற்கு நான் கைக்கொள்ளும் அளவுகோல் ஒன்றுதான். பிள்ளை செய்தது சரியா தவறா என்பதை, அது கையில் எடுத்த பொருளே அந்தப் பிள்ளைக்குக் காட்டிவிட வேண்டும். விடையைச் சொல்லிவிட்டு ஆசிரியரின் முகத்தைப் பார்த்து நிற்கும் பழக்கம் ஐந்து வயதிலேயே வந்துவிடுகிறது. அந்தப் பழக்கத்தை மாற்றுகிற செயல்பாடுதான் என் கணக்கில் நல்ல செயல்பாடு.

இது நான் கண்டுபிடித்த கருத்தன்று. இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி அம்மையார் 1939இல் சென்னை அடையாற்றுக்கு வந்து, பிரம்மஞான சபை வளாகத்தில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்ததையும், போர் மூண்டதால் 1946 வரை இந்தியாவிலேயே தங்க நேர்ந்ததையும் நாம் பயிற்சி நிறுவனத்தில் படித்திருக்கிறோம். அவர் அமைத்த உருளைக் கட்டைகளை நினைவுபடுத்திப் பார். பருமன் வேறுபட்ட உருளைகளை அவற்றுக்குரிய குழிகளில் பொருத்த வேண்டும். ஒன்றை இடம் மாற்றி வைத்துவிட்டால், கடைசியில் ஏதேனும் ஓர் உருளை எந்தக் குழியிலும் இறங்காமல் மிஞ்சிவிடும். யாரும் தவறு என்று சொல்லாமலே பிள்ளை எல்லாவற்றையும் வெளியே எடுத்து மறுபடி தொடங்கும். அந்தக் கட்டைகளை விலை கொடுத்து வாங்க நம் பள்ளிகளுக்கு வழியில்லை. அந்தக் கருத்து மட்டும் போதும், மற்றவை ஊரிலேயே கிடைக்கும்.

கணக்கில் ஈர்க்குச்சியிலிருந்து தொடங்கு. பத்துப் பத்தாக எண்ணி ரப்பர் வளையம் போடும் வேலையைப் பிள்ளைகளே செய்யட்டும். நீ கட்டி வைத்ததைக் கொடுத்தால், அதற்குள் பத்து இருக்கிறது என்பதை அவர்கள் உன் சொல்லுக்காக நம்புவார்களே தவிர, அறியமாட்டார்கள். ஒரு கட்டும் மூன்று உதிரியும் 13, மூன்று கட்டும் ஓர் உதிரியும் 31 என்று கையில் ஏந்திப் பார்த்த பிள்ளை அந்த இரண்டையும் பின்னர் குழப்பிக்கொள்வது அரிது. இரண்டாம் வகுப்பில் 42இலிருந்து 17ஐக் கழிக்கச் சொல்லும்போது இந்தக் கட்டுகளின் அருமை உனக்கே புரியும். நோட்டில் எழுதினால் பாதிப் பேர் ஏழிலிருந்து இரண்டைக் கழித்து, நான்கிலிருந்து ஒன்றைக் கழித்து, 35 என்று எழுதிவிடுவார்கள். குச்சிகளைக் கொடுத்துவிட்டால் அந்த விடை வருவதற்கு வழியே இல்லை. ஏழு குச்சியை எடுத்துத் தர வேண்டும். உதிரியாக இருப்பதோ இரண்டு. சற்று நேரம் கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்துவிட்டு, "டீச்சர், கட்டைப் பிரிக்கலாமா?" என்று ஒரு பிள்ளை கேட்கும். அந்தக் கேள்வி வரும்வரை நீ வாய் திறக்கக் கூடாது என்பதுதான் இதில் மிகவும் கடினமான பகுதி. கட்டைப் பிரித்ததும் மூன்று கட்டும் பன்னிரண்டு உதிரியும் இருக்கும். ஏழையும் ஒரு கட்டையும் எடுத்துவிட்டால் தரையில் மிஞ்சுவது 25. கடன் வாங்குவது என்று நாம் காலங்காலமாகச் சொல்லிவரும் அந்தப் படியை அதன்பிறகு கரும்பலகையில் எழுதிக் காட்டினால், தான் ஏற்கெனவே செய்துவிட்ட ஒன்றுக்கு எழுத்து வடிவம் இது என்று பிள்ளைக்கு விளங்கும்.

தமிழுக்கு வருவோம். ஒற்றை எழுத்துகளைப் பொறுத்தவரை மணலும் களிமண்ணும் போதும். திண்ணைப் பள்ளிக்கூடத்தில் மணலைப் பரப்பி விரலால் எழுதவைத்த நம் முன்னோர்களின் முறையை விடச் சிறந்ததை நான் பார்த்ததில்லை; விரலின் அசைவு கையில் பதிந்துவிடுகிறது. ட, ப போன்ற நேர்கோட்டு எழுத்துகளில் தொடங்கி, வளைவும் சுழியும் உள்ளவற்றுக்கு மெல்லப் போகலாம்.

உண்மையான சிக்கல் உயிர்மெய்யில்தான் இருக்கிறது. அதைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். பே என்னும்போது காதில் முதலில் விழுவது ப் என்னும் ஒலி, அதன்பின் ஏ. எழுத்திலோ இரட்டைக்கொம்பு முன்னால் வந்து நிற்கிறது. காது சொல்கிற வரிசையும் கண் காண்கிற வரிசையும் இப்படி மாறி நிற்பதைப் பெரியவர்களாகிய நாம் கவனிப்பதே இல்லை, ஆனால் ஆறு வயதுப் பிள்ளைக்கு அது பெரிய தடை. இதற்கு நான் பயன்படுத்துவது அட்டைகள். பழைய அழைப்பிதழ்களை வெட்டி, ஒவ்வோர் எழுத்தையும் ஓர் அட்டையிலும், துணைக்கால், ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு ஆகியவற்றைத் தனித்தனி அட்டைகளிலும் எழுதிக்கொள்ள வேண்டும். இரண்டிரண்டு பேராக உட்காரவைத்து, ஒருவர் சொல்லை அடுக்க, மற்றவர் அடுக்கியதை அப்படியே வாசிக்க வேண்டும். பேனா என்று அடுக்கும் பிள்ளை, காதில் கேட்டபடி முதலில் பகரத்தை வைத்துவிட்டு, அதன்பிறகு இரட்டைக்கொம்பு, னகரம், துணைக்கால் என்று வைத்துவிட்டதாக வைத்துக்கொள். எதிரே இருக்கும் பிள்ளை அதை எப்படி வாசிக்கும்? "பனோ" என்று வாசிக்கும்! கொம்பு அடுத்த எழுத்தோடு போய் ஒட்டிக்கொண்டுவிட்டது. இருவரும் சிரிப்பார்கள், சிரித்துக்கொண்டே கொம்பை எடுத்துப் பகரத்துக்கு முன்னால் வைப்பார்கள். கொம்பு தனக்கு வலப்பக்கம் உள்ள எழுத்தோடுதான் சேரும் என்னும் விதியை நீ சொல்லவே வேண்டியதில்லை. அதேபோல் கொடி, தோடு போன்ற சொற்களில் ஓர் எழுத்துக்கு இருபுறமும் இரண்டு அட்டைகள் தேவைப்படுகின்றன என்பதையும் கை தானே தெரிந்துகொள்ளும்.

உகர வரிசைக்கு மட்டும் இந்த அட்டைகள் உதவா, ஏனென்றால் அங்கே குறி தனியே நிற்காமல் எழுத்தின் உடலிலேயே கலந்துவிடுகிறது. அதற்கு வேறொரு வழி உண்டு. பதினெட்டு உகர எழுத்துகளையும் அட்டைகளில் எழுதித் தரையில் கொட்டிவிட்டு, ஒரே மாதிரி மாறுகிறவற்றை ஒன்றாகச் சேர்க்கச் சொல். கு, டு, மு, ரு ஒரு பக்கம். சு, பு, வு, யு ஒரு பக்கம். து, நு, லு, னு ஒரு பக்கம் என்று மூன்று குவியல்களாகப் பிரித்துவிடுவார்கள். இதைச் செய்து முடித்தபோது பிள்ளைகளின் முகத்தில் இருந்த பெருமிதத்தை நீயும் பார்க்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

சூழ்நிலையியலுக்கு இரண்டை மட்டும் எழுதுகிறேன். முதலாவது, கொட்டாங்குச்சித் தராசு. ஒரே அளவான இரண்டு கொட்டாங்குச்சிகளில் மும்மூன்று துளையிட்டு, கயிறு கட்டி, நடுவில் நூல் கட்டிய மூங்கில் குச்சியின் இரு முனைகளிலும் தொங்கவிட்டால் போதும். நிறுப்பதற்கு முன்னால் எது கனம் என்று ஒவ்வொரு பிள்ளையையும் சொல்லவைத்துவிட வேண்டும். பெரிய தெர்மாகோல் துண்டையும் சின்னக் கூழாங்கல்லையும் காட்டினால், ஒன்றாம் வகுப்பில் பெரும்பாலோர் தெர்மாகோல்தான் என்பார்கள், அதுதான் பெரியதாகத் தெரிகிறது. கூழாங்கல் கீழே இறங்கும்போது வகுப்பில் எழும் ஓசையை அடக்கிவிடாதே. முன்கூட்டியே சொல்லவைக்காமல் நிறுத்துக் காட்டினால் அது வெறும் வேடிக்கையாகப் போய்விடும்; தான் சொன்னது ஒன்று, நடந்தது ஒன்று என்று உணரும்போதுதான் பிள்ளை யோசிக்கத் தொடங்குகிறது.

இரண்டாவது, மூன்றாம் வகுப்புக்குப் பச்சைப்பயறு. ஊறவைத்த பயறை மூன்று கிண்ணங்களில் ஈரப் பஞ்சின்மேல் இட்டு, ஒன்றைச் சன்னலோரமும், ஒன்றை இருட்டு அலமாரியிலும் வைத்து, மூன்றாவதற்கு மட்டும் அதன்பின் தண்ணீர் ஊற்றாமல் விட்டுவிடு. இருட்டில் முளைக்காது என்றே எல்லோரும் சொல்வார்கள். அங்கும் முளைக்கும், சன்னலோரத்துப் பயிரைவிட உயரமாகவே வளரும், ஆனால் வெளிறி, மெலிந்து, நிற்க முடியாமல் சாயும். முளைவிடுவதற்கு வேண்டிய உணவு விதையிலையிலேயே இருக்கிறது, பச்சையம் உண்டாக வெளிச்சம் வேண்டும் என்னும் பாடம் அதிலிருந்து இயல்பாகவே வந்துவிடும். தினமும் முளையின் உயரத்துக்குக் காகிதத்தை நறுக்கி வரிசையாகச் சுவரில் ஒட்டச் சொன்னால், கணக்குப் பாடத்துக்குப் பட்டை வரைபடமும் தயார்.

வடிவங்களுக்கு, பழைய பொருள்களிலிருந்து விளையாட்டுக் கருவிகள் செய்து காட்டி 2018இல் பத்மஸ்ரீ பெற்ற அரவிந்த் குப்தா பரப்பிய முறையை எடுத்துக்கொள். மருந்து நீக்கிய தீக்குச்சிகளைச் சைக்கிள் வால்வு டியூப் துண்டுகளால் இணைத்தால், முக்கோணம் அசையாமல் நிற்கும், சதுரம் சாய்ந்து கொடுக்கும். கூரையிலும் பாலத்திலும் முக்கோணங்கள் ஏன் இருக்கின்றன என்று அதன்பிறகு பேசலாம். பல்லாங்குழி உனக்குத் தெரியாததன்று. பதினான்கு குழிகளில் ஐந்தைந்தாகப் போட்டு, மொத்தம் எத்தனை என்று கேட்டுவிட்டு ஆட்டத்தைத் தொடங்கு; எதிரில் இருப்பவர் கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்டிருப்பதால் எண்ணிக்கை தவறவே தவறாது. காலி ஷாம்பு பாக்கெட்டும் தீப்பெட்டியும் அடுக்கிய மளிகைக் கடை விளையாட்டு எல்லோரும் செய்வதுதான். மீதிச் சில்லறையைப் பிள்ளையே எண்ணிக் கொடுக்க வேண்டும் என்பதை மட்டும் விட்டுவிடாதே.

ஓர் எச்சரிக்கை. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் புளியங்கொட்டையையும் பயறையும் மூக்கிலும் காதிலும் போட்டுக்கொள்வார்கள். அவர்களுக்குச் சோடா மூடிகளையே கொடு. பார்க்க அழகாக இருக்கிறது என்று குன்றிமணியை மட்டும் எந்த வகுப்பிலும் எண்ணுவதற்குத் தராதே. அதை மென்று விழுங்கினால் உயிருக்கே ஆபத்து.

வகுப்பை எப்படி அமைப்பது என்று கேட்டிருந்தாய். 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில், அப்போது ஆணையராக இருந்த எம்.பி.விஜயகுமார் முன்னின்று, ஆந்திராவில் உள்ள ரிஷிவேலி பள்ளியின் அனுபவத்தைக் கொண்டு செயல்வழிக் கற்றலைத் தொடங்கினார்கள். சில ஆண்டுகளில் அது தமிழகம் முழுவதற்கும் வந்தது. பாடங்களைப் படிப்படியாக வரிசைப்படுத்திக் காட்டிய கற்றல் ஏணியும் அதற்கான அட்டைகளும் இன்று வழக்கில் இல்லாவிட்டாலும், பிள்ளைகளின் உயரத்துக்குச் சுவரின் கீழ்ப்பகுதியில் கரும்பலகை, பாயில் வட்டமாக உட்காருதல், ஆசிரியரும் அவர்களோடு தரையில் அமர்தல் ஆகிய மூன்றும் அந்த முறை நமக்குத் தந்துவிட்டுப்போன செல்வங்கள் என்றே கருதுகிறேன். உன் பள்ளியில் அந்தக் கீழ்ப்பலகை சுண்ணாம்பு பூசி மறைக்கப்பட்டிருந்தால் மீண்டும் கறுப்பு வண்ணம் அடிக்கச் சொல். நான்கைந்து பேர் கொண்ட குழுக்களாகப் பிரித்து, ஒரு நேரத்தில் ஒரு குழுவோடு மட்டும் நீ உட்கார வேண்டும். மற்றக் குழுக்களுக்கு ஏற்கெனவே பழகிய வேலையைக் கொடுத்துவிடு. புதிய செயல்பாட்டை ஒரே வேளையில் எல்லாக் குழுக்களிலும் தொடங்கினால் உன்னால் ஒரு பிள்ளையின் கையைக்கூடக் கவனிக்க முடியாது.

வண்ணக் காகிதம் வெட்டி ஒட்டுவதும், காய்கறி வேடம் போடுவதும், புகைப்படம் எடுத்து அனுப்புவதும் நம் பள்ளிகளில் பெருகிவருவது எனக்கு வருத்தம் அளிக்கிறது. பிள்ளைகள் மகிழ்கிறார்கள் என்பது உண்மை. ஆயினும் வெட்டுவதையும் ஒட்டுவதையும் பெரும்பாலும் ஆசிரியரோ வீட்டில் இருப்பவர்களோ செய்துவிடுகிறார்கள். பிள்ளை தீர்மானிப்பதற்கு அதில் எதுவும் மிஞ்சுவதில்லை. வெண்டைக்காயை நறுக்கி அச்சுப் பதிக்கச் சொல்வதாக இருந்தால்கூட, சிவப்பு, சிவப்பு, பச்சை என்று ஒரு வரிசையைத் தொடங்கிவைத்து, அடுத்து என்ன வரும் என்று பிள்ளையைத் தீர்மானிக்க விட்டால் அது கணக்காகிவிடுகிறது.

பெற்றோர் சிலர், நோட்டில் ஒன்றுமே எழுதவில்லையே என்று கேட்பார்கள். அவர்களுடைய கவலை நியாயமானது; தங்களுக்குக் கிடைக்காத படிப்பு பிள்ளைக்காவது கிடைக்க வேண்டும் என்று நினைக்கிறவர்கள் அவர்கள். ஒவ்வொரு செயல்பாட்டுக்குப் பிறகும், செய்ததைப் படமாக வரைந்து, கீழே ஒரு வரி எழுதும் பழக்கத்தை முதல் வாரத்திலேயே ஏற்படுத்திவிடு. பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தன்று வருகிற தாய்மார்களைப் பாயில் உட்காரவைத்து, அவர்களிடமே ஈர்க்குச்சிக் கட்டைக் கொடுத்து 42இலிருந்து 17ஐ எடுக்கச் சொல்லிப் பார். என் பள்ளியில் நான் சொன்ன எந்த விளக்கத்தையும்விட அதுதான் தாய்மார்களுக்கு நிறைவைத் தந்தது.

உயிர்மெய் அட்டைகளை வெட்டுவதற்கு மகள் உதவுவதாகச் சொல்லியிருக்கிறாள். ஒன்றாம் வகுப்பில் எத்தனை பிள்ளைகள் சேர்ந்திருக்கிறார்கள் என்று எழுது. இருவருக்கு ஒரு தொகுப்பு என்ற கணக்கில் தயார் செய்து, பள்ளி திறப்பதற்கு முன்பே உனக்குக் கிடைக்கும்படி அனுப்பிவைக்கிறேன். மூங்கில் குச்சியும் கொட்டாங்குச்சியும் உங்கள் ஊரிலேயே கிடைக்கும். அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்.

அன்புடன்,
உன் தோழி