சொதிச் சாப்பாட்டுப் பந்தியில் என் பக்கத்தில் வந்து அமர்ந்த மதினிக்கும் மற்றவர்களுக்கும்

மதினிக்கும், மருத்துவர்களுக்கும், வ.உ.சி. மைதானத்தில் காலையில் என்னுடன் நடக்கும் தோழியருக்கும் பாளையங்கோட்டையிலிருந்து வணக்கத்துடன் எழுதுவது.

2024 தை மாதம் எனக்கு எடைக் குறைப்புக்காக இரைப்பையின் பெரும்பகுதியை அகற்றும் ஸ்லீவ் அறுவை சிகிச்சை நடந்தது. அன்று 118 கிலோ இருந்த நான் இப்போது 79 கிலோ இருக்கிறேன். குறைந்த 39 கிலோவைப் பற்றி ஊரே பேசி முடித்துவிட்டது. அந்த மாதங்களில் என் அழுகையைத் தாங்கியவர்களைப் பற்றி நான்தான் எழுத வேண்டும்.

சிகிச்சைக்கு முன் கொடுத்த தாள்களில் கஞ்சிக்கும் மோருக்கும் மாத்திரைக்கும் நேரம் குறித்திருந்தார்கள். மனத்தைப் பற்றி ஒரே ஒரு வரி இருந்தது. அதையும் படிக்காமல் கையெழுத்துப் போட்டவள் நான் என்பதையும் சொல்லிவிட வேண்டும். மூன்றாம் வாரத்தில் மனம் தடுமாறத் தொடங்கியது. காலையில் பழைய ரவிக்கை தொளதொளவென்று கிடப்பதைப் பார்த்துச் சிரிப்பேன். மதியம் அடுக்களையில் உளுந்தஞ்சோறு வேகும் வாசனைக்குக் கண்ணீர் வரும். இரவில் யார் மீதென்றே தெரியாத கோபம் வரும். பள்ளிக்கூடக் காலத்திலிருந்து துக்கமோ அலுப்போ வந்தால் கால் கிலோ அல்வாவைச் சூட்டோடு தின்று ஆற்றிக்கொண்டவளுக்கு, அந்த வழி அடைபட்ட பின் எதைக் கொண்டு ஆற்றிக்கொள்வதென்று தெரியவில்லை.

மதினி, அந்தச் சித்திரையில் நம் வீட்டுக் கல்யாணத்துக்கு மறுநாள் நடந்த சொதிச் சாப்பாடு உங்களுக்கு நினைவிருக்கும். இலையில் சோறு, தேங்காய்ப்பால் சொதி, இஞ்சிப் பச்சடி, உருளைக்கிழங்கு வறுவல் எல்லாம் இருக்க, நான் நான்கு வாய்க்கு மேல் இறங்காமல் விரலால் சோற்றைக் கோடு கிழித்துக்கொண்டிருந்தேன். எதிர்ப் பந்தியிலிருந்து ஒரு பெரியம்மை, ‘சுகர் வந்துட்டோ?’ என்று உரக்கக் கேட்டார். (நம் ஊரில் மெலிந்தவர்களுக்கு இந்தக் கேள்வியிலிருந்து விடுதலை கிடையாது.) எனக்குத் தொண்டை அடைத்தது. நீங்கள் எழுந்து வந்து என் பக்கத்தில் அமர்ந்தீர்கள். சொதி வாளியுடன் வந்தவரிடம், ‘எங்களுக்குப் போதும்’ என்றீர்கள். அந்த ‘எங்களுக்கு’ என்ற சொல்லுக்காகத்தான் இந்த மடலையே எழுதத் தொடங்கினேன். நீங்களும் அன்று அரைவயிற்றோடு இலையை மூடினீர்கள். மறுநாள் முதல், உங்கள் பிள்ளைகளுக்குச் சோறூட்டிய சின்ன எவர்சில்வர் கிண்ணத்தில் பருப்பும் மசித்த காயுமாகக் கொடுத்தனுப்பினீர்கள். அந்தக் கிண்ணத்தில் நான்கு வாய்ச் சோறும் நிறைவாகத் தெரிந்தது.

மனநல மருத்துவர் அம்மாவுக்கு என் நன்றி. இரைப்பையில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கை எடுத்துவிடும்போது, பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் பெருமளவில் சுரக்கும் பகுதியும் போய்விடுகிறது என்றும், கொழுப்பில் தங்கியிருந்த ஈஸ்ட்ரோஜன் என்ற பெண்மை ஹார்மோன், எடை வேகமாகக் குறையும்போது ரத்தத்தில் கலப்பதும் மனத்தைக் கலைக்கக்கூடும் என்றும் படம் வரைந்து விளக்கிய நாளில்தான், எனக்குப் பைத்தியம் பிடிக்கவில்லை என்று நம்பினேன். வைட்டமின் பி12 குறைந்தாலும் மனம் சோரும் என்று ரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்ததும் அவர்தான். முடி கொத்துக் கொத்தாகக் கொட்டியபோது, மூன்றாம் மாத வாக்கில் இப்படிக் கொட்டுவதும் பிறகு வளர்வதும் வழக்கம்தான் என்று சொல்லி, நாளுக்கு 60 கிராம் புரதத்துக்குக் கணக்குப் போட்டுத் தந்த உணவியல் நிபுணருக்கும் நன்றி.

ஒரு நாள் நள்ளிரவில் யாரையும் எழுப்ப மனமின்றி 14416 என்னும் டெலிமானஸ் எண்ணை, அரசின் மனநல உதவி எண்ணை, அழைத்தேன். நான் அழுது முடிக்கும் வரை பொறுத்திருந்து தமிழில் பேசிய அந்தப் பெண்ணின் பெயர்கூட எனக்குத் தெரியாது.

மைதானத்துத் தோழியரே, ஒன்றரை ஆண்டாக நீங்கள் ஒருவரும் என் எடையைக் கேட்கவில்லை. மருமகள் சண்டை, தண்ணீர் வராத தெரு, ஆற்றில் வெள்ளம் என்று உங்களுக்குப் பேச வேறு எவ்வளவோ இருந்தது. அதற்கு நன்றி.

என் கணவர், பாவம், நான் பார்த்துவிடக் கூடாதென்று இரண்டு மாதம் கொல்லைப்புறத்தில் நின்றபடியே சாப்பிட்டார். அதைப் பார்த்து நான் கூடுதலாக அழுதேன் என்றாலும், அவருக்கும் நன்றி.

இன்னமும் சில நாட்கள் காரணமின்றி இருண்டுபோகின்றன. ஆனால் முன்போல் வாரக்கணக்கில் நீடிப்பதில்லை. மதினி, உங்கள் கிண்ணம் என்னிடமே தங்கிவிட்டது. நெல்லையப்பர் கோயில் ஆனித் தேரோட்டத்துக்குத் திருநெல்வேலி டவுனுக்கு வரும்போது கொண்டுவந்து தருகிறேன். வெறுங்கிண்ணமாகத் தர மாட்டேன்.