‘சரிபார்க்கப்பட்டது’ என்று போட்ட வண்டியின் சர்வீஸ் ரெக்கார்டில் 2-ஆம் பக்கமும் 4-ஆம் பக்கமும் எங்கே?

மார்த்தாண்டம்,
14-07-2025

பெறுநர்:
கிளை மேலாளர் மற்றும் வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு,
பழைய வண்டி விற்பனை நிறுவனம், திருவனந்தபுரம் கிளை.

பொருள்: கே.எல். 30 பதிவெண் கொண்ட 2017 மாடல் வெள்ளை டீசல் வண்டி – சர்வீஸ் ரெக்கார்டை முழுமையாகத் தராதது, முன்பணம் ரூ.25,000 திருப்பித் தராதது தொடர்பாக.

ஐயா / அம்மையீர்,

வணக்கம். மூன்று வாரமாகப் போனிலும் வாட்ஸ்அப்பிலும் நேரிலும் கேட்டுக் கேட்டு அலுத்துப்போய்த்தான் இதை எழுத்தில் தருகிறேன். எந்த வண்டி என்று உங்களுக்கு விளக்கத் தேவையில்லை. உங்கள் ஷெட்டில் நிற்பது, உங்கள் ஆட்கள் பார்த்து விலை போட்டது. ‘சர்வீஸ் ஹிஸ்டரி சரிபார்க்கப்பட்டது, விபத்தில்லாதது, வெள்ளத்தில் நனையாதது’ என்று மூன்று பச்சை டிக் போட்டு விளம்பரம் செய்திருக்கிறீர்கள். விலை ரூ.4,65,000. ஓடியது 58,214 கிலோமீட்டர். அந்த மூன்று டிக்கை நம்பித்தான் ஜூன் 21-ஆம் தேதி முன்பணம் கட்டினேன்.

நான் கேட்டது ஒன்றுதான். எந்தக் காகிதத்தை வைத்துச் சரிபார்த்தீர்களோ அதைக் காட்டுங்கள். இதற்கு மூன்று வாரம் ஏன் ஆக வேண்டும்? கம்பெனி சர்வீஸ் சென்டரில் சேஸிஸ் நம்பரைப் போட்டால் எந்தத் தேதியில் எத்தனை கிலோமீட்டரில் வண்டி வந்தது, என்ன பார்ட்ஸ் மாற்றினார்கள், என்ன லேபர் போட்டார்கள் என்று வரிவரியாக வந்துவிடும். பத்து நிமிட வேலை. உங்கள் ஆள் கேட்டால் கிடைக்கும், நான் கேட்டால் கிடைக்காது. நான் நேரில் போய்க் கேட்டபோது, “ஓனர் நம்பருக்கு ஓ.டி.பி. போகும், அவர் சொன்னால்தான் தருவோம்” என்றார்கள். அது நியாயம், அவர்களைக் குறை சொல்லவில்லை. உங்களிடம் திரும்ப வந்தால், “சர்வீஸ் சென்டரில் கேளுங்க” என்கிறீர்கள். அங்கே போனால் “விற்கிறவங்க மெயில் அனுப்பணும்” என்கிறார்கள். ஒரு மெயில். அதை அனுப்ப உங்கள் கிளையில் ஆளில்லை.

2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் மோட்டார் வாகன விதிப்படி, பழைய வண்டி விற்கும் அங்கீகாரம் பெற்ற டீலர், உரிமையாளரிடமிருந்து வண்டியை எடுத்துக்கொண்டதும் படிவம் 29சி-யில் தெரிவிக்க வேண்டும். அதன்பிறகு அந்த வண்டிக்கு உரிமையாளர் என்றே டீலர் கருதப்படுவார். ஆக, ரெக்கார்டைக் கேட்டு வாங்கும் உரிமையும் பொறுப்பும் உங்களுடையது. “பழைய ஓனர் போன் எடுக்கல” என்று என்னிடம் சொல்வதில் அர்த்தமில்லை.

இனி ஜூலை 3. அந்த நாளை நினைத்தாலே வயிறு எரிகிறது. “வியாழக்கிழமை 11 மணிக்கு வாங்க, வண்டியை லிஃப்டில் ஏத்தி ஸ்கேனர் போட்டுக் காட்டுறோம்” என்று உங்கள் ஆள்தான் வாட்ஸ்அப்பில் அனுப்பினார், மெசேஜ் இருக்கிறது. ஒரு நாள் கூலி ரூ.1,500 பேசி மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு, களியக்காவிளை நெரிசலில் ஒரு மணி நேரம் நின்று வந்து சேர்ந்தால், வண்டி அங்கே இல்லை. கொல்லம் கிளைக்கு வேறொருவருக்குக் காட்டக் கொண்டுபோய்விட்டார்களாம். முன்பணம் வாங்கி, புக் செய்த வண்டி! “இப்ப வரும், இப்ப வரும்” என்று பிற்பகல் 3 மணி வரை உட்கார வைத்துவிட்டு, கடைசியில் உங்கள் சேல்ஸ் எக்சிக்யூட்டிவ் வந்து சொன்னது இது: “சாரே, பழைய வண்டிக்கு எதுக்கு ஜாதகம்? பொண்ணு கட்டவா போறீங்க? இவ்வளவு சந்தேகம்னா புது வண்டி எடுத்துக்கோங்க.” பக்கத்தில் இருந்த இன்னொருவர் சிரித்தார். மேலாளர் கண்ணாடி அறைக்குள் இருந்தார், வெளியே வரவில்லை.

அந்தப் பேச்சுக்கு இன்றுவரை யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. அதைப் பிறகு பேசலாம். முதலில் காகிதம்.

ஜூலை 7-ஆம் தேதி உங்கள் கிளையிலிருந்து சர்வீஸ் ஹிஸ்டரி என்று இரண்டு தாள்கள் பி.டி.எஃப்.பில் வந்தன. வேறு யாராவது பார்த்தால் திருப்தியாக மூடி வைத்திருப்பார்கள். தாளின் அடியில் பொடி எழுத்தில் பக்க எண் இருக்கிறது. ஒன்றில் 1/4. மற்றதில் 3/4. இரண்டாம் பக்கமும் நான்காம் பக்கமும் எங்கே? ஸ்கேன் செய்யும்போது விட்டுப்போனது என்றார் உங்கள் போன் எடுத்த பெண். விட்டுப்போனதை அனுப்பச் சொல்லி ஏழு நாளாகிறது.

முதல் பக்கம் 2018 ஜூன் மாதம் 10,236 கிலோமீட்டரில் முடிகிறது. மூன்றாம் பக்கத்தில் தேதி தெரியும் முதல் சர்வீஸ் 2019 மார்ச், 24,870 கிலோமீட்டர். நடுவில் 14,634 கிலோமீட்டர். வாரண்டியில் இருக்கும் டீசல் வண்டியை 10,000 கிலோமீட்டர் அல்லது ஒரு வருடம் என்ற ஆயில் சர்வீஸ் செய்யாமல் யாரும் ஓட்டமாட்டார்கள், வாரண்டியே போய்விடும். நடுவே ஒரு சர்வீஸாவது நடந்திருக்க வேண்டும். அது இரண்டாம் பக்கத்தில் இருக்கிறது. கே.எல். 30 செங்கன்னூர் பதிவு. 2018 ஆகஸ்ட் கேரள வெள்ளத்தில் செங்கன்னூர் எப்படிக் கிடந்தது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா?

மூன்றாம் பக்கத்தின் முதல் வரியை யாராவது வாசித்தீர்களா? மேலே தேதி இல்லாமல், முந்தைய பக்கத்து ஜாப் கார்டின் (செய்த வேலைப் பட்டியலின்) வால் அது: ‘ஃப்ளோர் கார்பெட் கழற்றிப் பொருத்தியது – லேபர்’. சாதாரண சர்வீஸுக்குக் கார்பெட்டைக் கழற்றமாட்டார்கள். சீட், கன்சோல் எல்லாம் அவிழ்த்தால்தான் கார்பெட் வெளியே வரும். உள்ளே தண்ணீர் போயிருந்தால் கழற்றுவார்கள், வயரிங் ஹார்னஸ் (வயர்க் கட்டு) மாற்றக் கழற்றுவார்கள். இதற்கு மேலே இரண்டாம் பக்கத்தில் என்னென்ன பார்ட்ஸ் வரி இருக்கிறது என்பதுதான் என் கேள்வி. ஸ்டார்ட்டர் மோட்டாரா, ஏர்பேக் கண்ட்ரோல் பெட்டியா, ஆல்டர்னேட்டரா?

ஜூன் 21-ஆம் தேதியே பின்சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பார்த்தேன். வெளியே இருக்கும் பாகம் பளிச்சென்று இருக்கிறது. ரீலுக்குள் சுருண்டு கிடக்கும் கடைசி நான்கு விரல் நீளம் விறைத்து, மண் நிறத்தில் கோடு படிந்திருக்கிறது. நகத்தால் சுரண்டினால் மெல்லிய தூளாக வருகிறது. “டீ கொட்டியிருக்கும்” என்றார் அதே சேல்ஸ் எக்சிக்யூட்டிவ். டீ எப்படி ரீலுக்குள் போகும்? சீட் ரெயில் போல்ட்டில் துரு இருந்ததையும் காட்டினேன். வெள்ளத்தில் நின்ற வண்டியை வாட்டர் வாஷ் செய்து, பாலிஷ் போட்டு, வாசனை அடித்துவிடலாம். வயர் கனெக்டருக்குள் பச்சைத் துரு பூத்து, இரண்டு மழைக்காலம் கழித்து ஏ.பி.எஸ். பிரேக் விளக்கும் ஏர்பேக் விளக்கும் எரியும்போதுதான் வாங்கியவனுக்குத் தெரியும். குடும்பத்தோடு போகிற வண்டி ஐயா இது.

கிலோமீட்டர் விஷயத்துக்கு வருகிறேன். மூன்றாம் பக்கம் 2020 நவம்பரில் 51,360 கிலோமீட்டரில் முடிகிறது. மூன்று வருடத்தில் 51,000 ஓடிய வண்டி, அடுத்த நான்கரை வருடத்தில் 7,000 கூட ஓடவில்லை என்கிறது உங்கள் மீட்டர். டேஷ்போர்டு டப்பாவில் டயர் கடை பில் ஒன்று கிடந்தது. இதே பதிவெண், 2022 ஆகஸ்ட், நான்கு டயரும் வீல் அலைன்மென்ட்டும், கிலோமீட்டர் 81,480. “வேற வண்டி பில்லா இருக்கும்” என்றீர்கள். டயரின் பக்கச் சுவரில் கடைசி நான்கு இலக்கம் தயாரித்த வாரமும் வருடமும். நான்கிலும் 2422, அதாவது 2022-ன் 24-ஆவது வாரம். பில்லோடு பொருந்துகிறது. அந்த டயர்கள் இன்று தேய்மானக் கட்டை மட்டம்வரை, 1.6 மில்லிமீட்டருக்கு, வந்துவிட்டன. ஏழாயிரம் கிலோமீட்டருக்குள் நான்கு டயரும் ஒன்றுபோல மொட்டையாகுமா? டிரைவர் கதவுத் தூணில் ஆயில் சர்வீஸ் ஸ்டிக்கரைச் சுரண்டிய தடமும் இருக்கிறது. ‘அடுத்த சர்வீஸ் 1,04,’ வரை வாசிக்க முடிகிறது. போட்டோ எடுத்திருக்கிறேன்.

மீட்டரைத் திருத்துகிறவர்கள் டேஷ்போர்டு மீட்டர் கிளஸ்டரில் உள்ள எண்ணைத்தான் மாற்றுகிறார்கள். பல வண்டிகளில் எஞ்சினைக் கட்டுப்படுத்தும் ஈ.சி.யூ. பெட்டியிலும் ஏ.பி.எஸ். பெட்டியிலும் பிழை பதிவானபோது இருந்த கிலோமீட்டர் தனியாகத் தங்கியிருக்கும். கம்பெனி ஸ்கேனர் போட்டால் தெரிந்துவிடும். ஜூலை 3 அன்று அதைப் பார்க்கத்தான் வந்தேன், வண்டியே இல்லை. திரும்பத் திரும்ப எனக்கு அந்த நாள்தான் கண்ணில் நிற்கிறது.

கிலோமீட்டர் ஏன் இவ்வளவு முக்கியம் என்று உங்கள் ஆளுக்குப் புரியாவிட்டால் சொல்கிறேன். இந்த எஞ்சினில் இருப்பது டைமிங் பெல்ட், செயின் அல்ல. கையேடு சொல்லும் கிலோமீட்டரில் பெல்ட், டென்ஷனர், ஐட்லர், கூடவே வாட்டர் பம்ப் என்று ஒரே கையில் மாற்ற வேண்டும். 58,000 என்று நம்பி ஓட்டுகிறவன் பெல்ட்டைத் தொடமாட்டான். உண்மையில் லட்சம் தாண்டிய பெல்ட் நெடுஞ்சாலையில் அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதி எஞ்சின் ஹெட் போய்விடும்.

இன்சூரன்ஸ் பாலிசியிலும் உங்கள் ‘விபத்தில்லாதது’ நிற்கவில்லை. வண்டி 2020 அக்டோபரில் இரண்டாவது உரிமையாளர் பெயருக்கு மாறியது. கிளெயிம் எதுவும் இல்லையென்றால் பிரீமியத்தில் தரும் தள்ளுபடி போனஸ் அவர் பெயரில் புதிதாக 20, 25, 35, 45 என்று ஏறி, 2024 அக்டோபர் பாலிசியில் 45 சதவீதம் இருக்க வேண்டும். இருப்பது 20. அப்படியானால் 2022-23 பாலிசி வருடத்தில் ஒரு கிளெயிம் நடந்திருக்கிறது, அல்லது 90 நாளுக்கு மேல் பாலிசி அறுந்து கிடந்திருக்கிறது. எது என்று உங்களுக்குத் தெரியும். அந்தப் பழைய பாலிசி நகலைக் கேட்டால் “கரண்ட் பாலிசி போதும் சார்” என்கிறீர்கள்.

தயவுசெய்து நேர்மையாகப் பாருங்கள். வெளி ஒர்க்‌ஷாப்பில் சர்வீஸ் செய்வது தப்பில்லை. ஒரு லட்சம் ஓடிய வண்டியை ஒரு லட்சம் ஓடியது என்றே விற்பதும் தப்பில்லை. அதற்குரிய விலைக்கு வாங்க எத்தனையோ பேர் இருக்கிறார்கள், நானே வாங்கியிருப்பேன். டிக் போட்டுவிட்டு இரண்டு தாளை உருவி எடுத்ததுதான் தப்பு.

முன்பணத்துக்கும் அலைச்சல்தான். ரசீதின் 6-ஆவது நிபந்தனையில் ‘ஆவணங்களில் குறை இருப்பின் முன்பணம் முழுமையாக 7 வேலை நாட்களில் திருப்பித் தரப்படும்’ என்று நீங்களே அச்சடித்திருக்கிறீர்கள். இப்போது பிராசஸிங் என்று ரூ.5,000 பிடித்துக்கொண்டு மீதியைத் தருவோம் என்றால் என்ன நியாயம்? மூன்று தடவை வந்த டீசல், மெக்கானிக் கூலி, விடுமுறை, வெட்டுமணியில் பார்த்து வைத்திருந்த நல்ல பெட்ரோல் வண்டி இந்த இழுவையில் கைவிட்டுப் போனது, மன உளைச்சல் எல்லாம் சேர்த்தால் ஒரு லட்சம் ரூபாய்க்கு மேல் எனக்கு நஷ்டம். குறைத்துச் சொல்கிறேன்.

உங்கள் நிறுவனத்தின் பெயர் கெட வேண்டும் என்பது என் எண்ணமல்ல. ஆகவே கேட்கிறேன்: ரூ.25,000 முழுவதும் என் கணக்குக்கு வர வேண்டும். 2-ஆம், 4-ஆம் பக்கங்கள் வேண்டும். டீலர் எலக்ட்ரானிக் பயணப் பதிவேடு வைத்திருக்க வேண்டும் என்கிறது அதே விதி. ஒவ்வொரு ஓட்டமும் எதற்கு, யார் ஓட்டியது, எத்தனை கிலோமீட்டர் என்று அதில் இருக்க வேண்டும். ஜூலை 3 கொல்லம் ஓட்டத்தின் பதிவையும் காட்டுங்கள். வண்டியை விளம்பரத்திலிருந்து எடுங்கள். அந்த சேல்ஸ் எக்சிக்யூட்டிவ் எழுத்தில் வருத்தம் தெரிவிக்க வேண்டும். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

ஜூலை 21-க்குள் பதில் இல்லையென்றால் 1915 தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்வேன். அதோடு நிற்காது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி வாடிக்கையாளர் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம். நாகர்கோவில் மாவட்ட ஆணையத்துக்கு நீங்கள்தான் வர வேண்டியிருக்கும், நான் திருவனந்தபுரம் வரமாட்டேன். 5 லட்சம் வரை கட்டணமும் இல்லை. உங்கள் டீலர் அங்கீகாரம் குறித்து கேரள மோட்டார் வாகனத் துறைக்கும், மீட்டர் விஷயத்தில் பாரதிய நியாய சன்ஹிதா 318-ஆவது பிரிவின் கீழ் போலீசுக்கும் மனு தயாராக இருக்கிறது. அதற்கெல்லாம் போக வைக்காதீர்கள். நாலு தாளில் இரண்டைத் தந்தால் முடிகிற காரியம்.

முன்பண ரசீது, வாட்ஸ்அப் மெசேஜ், டயர் பில், பெல்ட், ஸ்டிக்கர் போட்டோக்கள், நீங்கள் அனுப்பிய 1/4, 3/4 தாள்கள் ஆகியவற்றின் நகல் இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
முன்பணம் கட்டிய வாடிக்கையாளர்

பி.கு.: இதைத் தபாலில் சேர்க்கும் முன் இன்று காலை பார்த்தேன். அதே வண்டி, அதே மூன்று பச்சை டிக், அதே 58,214. விலையில் மட்டும் ரூ.15,000 குறைத்திருக்கிறீர்கள்.