எடை மெஷினை உள்ளே தள்ளிப் போடுங்கள்

மதிப்பிற்குரிய மனநலப் பிரிவு டாக்டர்களுக்கும் தாதிமார்களுக்கும்,

வணக்கம். என் தம்பிக்கு ஸ்கிசோஃப்ரினியா (மனச்சிதைவு நோய்) என்பதும், அதற்கான ஓலான்சாபின் மாத்திரை ஆரம்பித்த பிறகு உடம்பு ஏறியதும் உங்கள் ஃபைலில் இருக்கிறது. போன முறை உங்கள் நடைபாதையில் நடந்ததுதான் இந்த மடலுக்குக் காரணம்.

எடை மெஷின் நாற்காலி வரிசைக்கு நேர் எதிரே இருக்கிறது. தம்பி ஏறி நின்றான். தாதி எடையை உரக்கச் சொல்லி எழுதிவிட்டு, "அடடே, கெமுக் ஆயிட்டீங்களே! வீட்ல நல்ல சமையல் போல" என்றார். கெமுக் என்றால் மலாயில் குண்டு. கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, தெரியும். காத்திருந்தவர்கள் சிரித்தார்கள். தம்பியும் சிரித்தான்.

அன்று ராத்திரியிலிருந்து அவன் காதில் கேட்கும் குரல் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டது. கெமுக், கெமுக் என்கிறதாம், அதே தாதியின் குரலில். பகலெல்லாம் பட்டினி கிடக்கிறான். நடுச்சாமத்தில் அடுப்படியில் நின்றபடியே பானையில் மிஞ்சிய சோற்றை அள்ளுகிறான், பால் டின்னில் கரண்டி விட்டு வழிக்கிறான். அப்புறம் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு வாந்தி. போட்ட மாத்திரையும் அதோடு போகிறதோ என்னவோ. மாத்திரையை விட்டால் இளைத்துவிடுவேன் என்று வேறு பேச ஆரம்பித்திருக்கிறான். விட்டால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

தயவுசெய்து அவனிடம் சாப்பாட்டைப் பற்றி, கதவைச் சாத்திவிட்டுக் கேளுங்கள்.

நோய் வந்த புதிதில், சோற்றில் விஷம் கலந்திருக்கிறது என்று வாயைத் திறக்காமல் கிடந்தான். அப்போது வந்த டாக்டர் எல்லாருமே என்ன சாப்பிட்டாய் என்று கேட்டார்கள். குண்டானதும் அந்தக் கேள்வி நின்றுவிட்டது. ரத்தத்தில் சர்க்கரை, கொழுப்பு எல்லாம் ஒழுங்காகப் பார்க்கிறீர்கள், குறை சொல்ல மாட்டேன். கையில் கொடுத்தது ஒரு 'சுக்கு சுக்கு செப்பாரோ' (மலாயில் கால், கால், பாதி) தாள்: பாதித் தட்டு காய்கறி பழம், கால் தட்டு சோறு, கால் தட்டு மீனோ கோழியோ. நல்ல தாள்தான். பானையோடு நிற்பவனுக்குத் தட்டு ஏது?

இந்த மருந்து பசியைக் கிளப்பும், வயிறு நிறைந்ததே தெரியாமல் போகலாம் என்பது உங்களுக்குத் தெரியும். எடை ஏறுவதைக் குறைக்க மெட்ஃபார்மின் மாத்திரை சேர்க்கலாம், அரிபிபிரசோல் மாதிரி எடையை அவ்வளவாக ஏற்றாத மருந்துக்கு மெல்ல மாற்றிப் பார்க்கலாம். எல்லாருக்கும் ஒத்துவராது, சரி. அவனுக்கு ஒத்துவருமா என்று ஒரு வார்த்தை பேசியிருக்கலாமே. 'சாப்பாட்டைக் குறை, நட' என்பதற்கு ஸ்பெஷலிஸ்ட் எதற்கு? அதை எங்கள் அடுக்குமாடி புளோக்கில் எல்லாருமே இலவசமாகச் சொல்கிறார்கள். தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு வந்தவன், கொளுத்தும் வெயிலிலும் ஜாக்கெட்டைக் கழற்றவில்லை. "என்னடா, கல்யாணக் களை வந்துடுச்சா?" என்று மாமா வயிற்றில் தட்டினார். நம் சனத்துக்குத் தனியாக ஒரு மடல் எழுத வேண்டும்.

அது உங்கள் பொறுப்பில்லை, மன்னிக்கவும். நான் கேட்பது கொஞ்சம்தான். எடை மெஷினை அறைக்குள் தள்ளிப் போடுங்கள். எடையைச் சத்தமில்லாமல் எழுதுங்கள். கதவைச் சாத்திவிட்டு, ராத்திரியில் என்ன நடக்கிறது, வாந்தி எடுக்கிறாயா, கண்ணாடியைப் பார்த்தால் என்ன தோன்றுகிறது என்று அவனிடமே கேளுங்கள். நான் இருந்தால் சொல்ல மாட்டான், வெளியே உட்கார்ந்துகொள்கிறேன். அடுத்த அப்பாயிண்ட்மெண்ட் வரும் மாதம். அதற்குள் உணவியல் நிபுணரிடமும் ஒரு தேதி வாங்கிக் கொடுத்தால் நன்றியோடு இருப்போம்.

இப்படிக்கு,
நோயாளி ஒருவரின் அக்கா,
பட்டர்வொர்த், பினாங்கு